வாசலில் இருந்த சுகந்தி அக்கா

இன்று பின்னேரம் ராஜன் அண்ணை வீட்டில் அவர் குடும்பத்தோடு ஜப்பான் போய் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு மெல்பேர்ன் ட்ராமில் திரும்பியிருக்கிறேன்.

சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டி, ஸ்லைடு புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஏதோ ஒரு கடலோர நகரம். அருங்காட்சியகம், மீன்காட்சிச்சாலை, பொம்மை ரயில். எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அண்ணையும் அவருடைய இரண்டு பெடியன்களும் விறைப்பாக நிற்கிறார்கள்.

அவர் மனைவி சுகந்தி அக்காவை ஒன்றிலும் காணவில்லை.

"அக்கா எங்கை?" என்று கேட்டேன்.

"அவ வெளியிலை சாப்பாட்டுப் பையோடை இருந்தவ. உதுகளிலை அவவுக்கு இன்ரஸ்ட் இல்லை."

சாப்பாட்டுப் பை! ஜப்பான் சாப்பாடு தனக்கு ஒத்துவராது என்று, ஹோட்டல் அறையில் அக்காவைக் கொண்டு சோறு சமைப்பித்துக் கட்டிக்கொண்டு போனவர் இவர்தான். பையை உள்ளே விடமாட்டார்களாம். அதனால் போன இடமெல்லாம் அக்கா வாசலில் காவல்.

அடுத்து ஒரு திமிங்கில எலும்புக்கூட்டின் படம் விரிப்பு முழுக்க விழுந்தது. குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"இதுதானோ உள்ளுக்கை இருந்தது?"

அண்ணை அடுத்த படத்துக்கு மாற்றினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருப்பிப் போடுங்கோ அண்ணை!" என்று கத்தினேன். தட்டை வாங்கி அண்ணை கையில் கொடுத்துவிட்டு, அக்காவை என் கதிரையில் இருத்தினேன்.

வாற சனிக்கிழமை சிட்னி போன படங்களாம். யார் யார் வருகிறீர்கள்? தேத்தண்ணி அண்ணைதான் போடுவார். வாயில் வைக்க முடியாவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.