லைட் டூட்டி

பதினெட்டு ஆண்டுகள் ஆம்புலன்ஸில் நர்ஸாக வேலை பார்த்தேன்; எல்லாருக்கும் நான் ‘மிஸி’. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “வெறும் காஸ்ட்ரிக்தான், மிஸி” என்று என்னிடமே வாதாடியவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! பிறகு ஒருநாள் அந்த மடையர்களின் வரிசையில் நானும் போய் நின்றேன்.

கெலாங் பாத்தாவில் லிஃப்ட் இல்லாத நான்கு மாடி ஃபிளாட். குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்ட ஒரு பெரியவரை நாற்காலியில் கட்டி, நானும் டிரைவரும் இறக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது மாடியில் திரும்பும்போது என் தாடையில் தொடங்கிய வலி இடது கையில் இறங்கியது.

“அக்கா, மூஞ்செல்லாம் வேர்த்துக் கொட்டுது,” என்றார் டிரைவர்.

“காஸ்ட்ரிக் லா. தூக்குங்க.”

நாற்காலியில் இருந்த பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். “மிஸி, மொதல்ல என்னைக் கீழ வைங்க. ஆம்புலன்ஸ் உங்களுக்குத்தான் வேணும் போல.”

“பேசாம உக்காருங்க ஐயா!” என்று அதட்டினேன். அடுத்த இரண்டு படிகளில் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் நாற்காலியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஓடிப்போய் ஈசிஜி இயந்திரத்தைத் தூக்கி வந்தார். வெளியே வந்த தாளை நானே வாங்கிப் பார்த்தேன். மாரடைப்பு. சந்தேகத்துக்கே இடமில்லை. அக்கம்பக்கத்தார் என்னைத் தூக்கி இறக்கினார்கள். பெரியவர் அடுத்த வண்டி வரும்வரை படிக்கட்டிலேயே கிடந்தார்.

ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு ஊரே டாக்டரானது. ஒருத்தி வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி மாத்திரையைக் குப்பையில் போடச் சொன்னாள். தங்காக்கிலிருந்து வந்த சித்தி மட்டும், “இந்த வேலையில இருந்துக்கிட்டு உனக்கே தெரியலயா?” என்று கேட்டாள். அவளிடம்தான் எனக்கு அதிகக் கோபம்.

திரும்பி வேலைக்குப் போன வாரம் பாராட்டு விழா. மேடைக்குப் பின்னால் என் முகத்தைப் பெரிதாக அச்சடித்து, ‘வீராங்கனை’ என்று போட்டிருந்தார்கள். காலொடிந்த மனிதரைப் படியில் விட்டுவிட்டு அவருடைய வண்டியில் ஏறிப் போனதற்குப் பெயர் வீரமாம். பரிசாகக் கொடுத்த கூடையில் வெண்ணெய் பிஸ்கட், முறுக்கு, இனிப்புப் பால் டின். இதய நோயாளிக்கு! உண்மையில் என்னைக் காப்பாற்றிய டிரைவரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு அன்று டூட்டியாம்.

எனக்கு லைட் டூட்டி. பின்கட்டில் ஓர் அறை, கையுறைப் பெட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்க்கும் வேலை. சைரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று, பிறகு வெட்கப்பட்டு உட்காருவேன். மீண்டும் ஆம்புலன்ஸுக்கே அனுப்பும்படி மனு எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பெரியவரைப் பார்க்கப் போனேன். அவருடைய நான்காவது மாடிக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். கடைசியில் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டேன். கையிலிருந்த ஆப்பிள் பைகூடக் கனத்தது.

கால் கட்டோடு கதவைத் திறந்தவர், “ஒரு மணி நேரம் படியில உக்கார வச்சிட்டுப் போனீங்களே!” என்றார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “ஏறி வரணுமா மிஸி? போன் பண்ணா போதாதா?”

அவர் கொடுத்த வெந்நீரைக் குடித்தபோது அழுகை வந்தது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் தூக்கி இறக்கப் போகிறேனாம். என் திமிரை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனுவைக் கிழித்தேன். அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் மூன்று இடத்தில் நின்றதை மறைக்காமல் சொன்னேன். அவசர அழைப்புகளை எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

இங்கேயும் கோபத்துக்குக் குறைவில்லை. நேற்று ஒருவர், “சீக்கிரம் வாங்க, அம்மா விழுந்துட்டாங்க!” என்று கத்தினார்.

“எந்த வீடு?”

“பச்சை கேட்டு வீடு லா! எல்லாருக்கும் தெரியுமே!”

பல்லைக் கடித்துக்கொண்டேன். “எனக்குத் தெரியாது சார். ரோடு பேரைச் சொல்லுங்க. அம்மா மூச்சு விடுறாங்களா? பக்கத்துல போய்ப் பார்த்துச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”