பல்லடத்தில் லேனாவின் முகம்

காலை ஒன்பது மணிக்குச் சிங்காநல்லூரில் பல்லடம் பேருந்து ஏறினோம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரப் பயணம். உடன் வந்தவர்கள், பெர்லினில் என்னோடு வேலை பார்க்கும் கரினும் அவளுடைய நான்கு வயது மகள் லேனாவும். நான் திருச்சிக்காரி, பல்லடம் என் கணவரின் ஊர். அவருடைய அக்கா செல்வி அங்கே கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்.

சூலூர் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கை அம்மா என் மூலமாகக் கரினிடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். "சம்பளம் எவ்வளவுங்க? ஊட்டுக்காரர் ஏனுங்க வரலை? ஒத்தப் புள்ளையோட நிறுத்திப்போட்டீங்களா?" மொழிபெயர்க்க எனக்குத்தான் கூச்சம். கரின் சிரித்தபடி பதில் சொன்னாள். சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. "நேரில்தானே கேட்கிறார், பிடிக்காவிட்டால் சொல்லாமல் இருக்கலாம்," என்றாள்.

பண்ணையில் அன்றுதான் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. அந்த மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து லேனா வாய்விட்டுச் சிரித்தாள். செல்வி அண்ணி அதைச் செல்போனில் வீடியோ எடுத்தார்.

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம், சூலூரிலிருந்து ஓர் உறவினர் அண்ணியின் செல்போனில் அழைத்தார்; குரல் எங்கள் வரை கேட்டது. "வெள்ளைக்காரப் பாப்பா உங்க ஊட்டுக்கு வந்திருக்குதாமா? ஸ்டேட்டஸ்ல பாத்தனுங்க!"

என்னவென்று கரின் கேட்டாள். அந்த வீடியோவை அண்ணி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார் என்று சொன்னேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இவள் முகத்தை நாங்கள் இதுவரை எங்கேயும் போட்டதில்லை. பெரியவளாகி அவளே முடிவு செய்யட்டும் என்றிருந்தோம்." குரல் தாழ்ந்திருந்தது. விருந்து வைத்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் தவித்தாள்.

நான் சமையலறைக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஏங்கண்ணு, திருஷ்டி பட்டுருமுன்னா?"

"அப்படியில்லைங்க அண்ணி. யார் கையில் போய்ச் சேருமோ, என்ன செய்வார்களோ என்ற பயம்."

"அதுவும் அதேதான கண்ணு."

ஸ்டேட்டஸை உடனே எடுத்தார். பிறகு யார் யார் அதைப் பரப்பியிருந்தார்களோ அவர்களையெல்லாம் தேடி அழைத்தார். "மாமா, அந்தப் பாப்பா வீடியோவை அழிச்சுப்போடுங்க. அவங்கம்மாளுக்குப் புடிக்கலீங்க." ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோழிப்பண்ணைக்காரர்களின் வாட்ஸப் குழுவரை போயிருந்தது. அங்கே போட்டவர், "அழிச்சுப்போட்டனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க," என்று கரினுக்கென்றே குரல் பதிவு அனுப்பினார்.

யாராவது சேமித்து வைத்திருக்கலாம். அது கரினுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குரலை இரண்டு முறை கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் தென்னந்தோப்புக்குப் போனோம். லேனாவைத் தூக்கிச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்த அண்ணியின் மகள் காவ்யாவைக் கரின் படம் எடுத்தாள். அண்ணி தயங்கித் தயங்கி வந்தார். "எங்க காவ்யா அம்மணி படத்தை மட்டும் நெட்டுல போட்டுராதீங்க. வரன் பாத்துட்டிருக்கறோமுங்க."

கரின் உடனே ஒப்புக்கொண்டாள். ஆனால் காவ்யாவின் ஜாதகம், உயரம், சம்பளம், அப்பாவின் செல் நம்பர் எல்லாம் ஏற்கெனவே கல்யாண வாட்ஸப் குழுக்களில் இருப்பது தெரிந்ததும் திகைத்துப்போனாள்.

காவ்யாவிடம் கேட்டேன். "அது நானே சரிபாத்து அனுப்பச் சொன்னதுங்க அத்தை. இது நான் என்ர பாட்டுக்குச் சிரிச்சது."

அதைக் கரினுக்கு மொழிபெயர்த்தேன். தோப்பை விட்டு வரும்போது கரின் காவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நாலரை மணிக்குப் புறப்பட்டோம். வாசலில் அண்ணி செல்போனுடன் லேனாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா கண்ணு? எனக்கு மட்டுந்தான்."

மொழிபெயர்த்தேன். லேனா யோசித்தாள். மாட்டேன் என்று தலையாட்டினாள்.

திருச்சியில் எங்கள் வீடாக இருந்தால் சாக்லெட்டைக் காட்டியாவது எடுத்திருப்போம்; நானே எடுத்திருப்பேன். பெர்லினில் லேனாவின் மழலையர் பள்ளியில் படம் எடுக்க அனுமதி கேட்பார்கள், கேட்பது கரினிடம். லேனாவிடமே ஒருவர் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

"செரீங்க," என்றார் அண்ணி. செல்போனைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். லேனா ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.