முன்னறைச் சிங்கம்

போன சனிக்கிழமை காலை என் சகலன் நிஸ்தார் மனிதனாகத்தான் கல்முனைக்குப் போனார். பின்னேரம் சிங்கமாகத் திரும்பி வந்தார்.

ஏதோ பயிற்சி வகுப்பாம். ‘உங்களுக்குள் இருக்கும் மிருகத்தைக் கண்டுபிடியுங்கள்.’ கண்ணை மூட வேண்டும். எந்த மிருகம் வருகிறதோ அதுதான் நீங்கள். வந்தவர்களில் பாதிப் பேர் சிங்கம், மீதிப் பேர் கழுகு. ஒருத்தருக்காவது ஆடு வர வேண்டாமா? நம் நாட்டில் சிங்கம் கொடியில்தான் இருக்கிறது, காட்டில் இல்லை. வயலுக்குள் இறங்குவது யானை. மெயின் ரோட்டை மறித்துப் படுப்பது கட்டாக்காலி மாடு. அதெல்லாம் யாருக்கும் வரவில்லையாம்...

நம் உம்மாமார் இதே வகுப்பை ஓசியிலேயே நடத்தினார்கள். சுபஹுத் தொழுகைக்கு எழும்பாவிட்டால் எருமை. படிக்காவிட்டால் கழுதை. பொரித்த மீன் குறைந்தால் பூனை. ஒருநாளும் சிங்கம் என்றதில்லை — பெற்றவளுக்குத் தெரியாததா?

ஞாயிறு காலை சிங்கம் முன்னறைக்குள் புகுந்தது. அங்கேதான் அவர் மனைவி சரீனா — என் மனைவியின் தங்கை — தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பெருநாள் துணி குவிந்து கிடக்கிறது.

“சிங்கத்துக்கு ஒரு எல்லை வேணும். இனி இது என்ட ஒபீஸ். மெஷினக் குசினிக்குப் பின்னால வெச்சிக்க.”

“குசினிக்குப் பின்னால வந்து ஆரு அளவு குடுப்பா?”

“அது உன்ட பிரச்சின.”

அடுப்படிக்குப் பின்னால் போனால் அவள் தொழில் அதோடு சரி. பக்கத்து வளவில், எங்கள் வீட்டு வேலியோரம் நின்ற எனக்கே பதறியது. சரீனா சத்தம் போடவில்லை. ஊசியில் நூல் கோர்த்தபடி கேட்டாள்.

“கடற்கரையில சங்கோட ஊருற நண்டு கண்டிரிக்கீங்களா?”

“ஓம், அதுக்கென்ன?”

“அந்தச் சங்கு அது கட்டினதில்ல. வந்து குடியிரிக்கிற. அதுக்கு முதுகு மெல்லிசு, சங்கு இல்லாட்டி காகம் கொத்திரும். அது நண்டுக்கும் தெரியும். அதனாலதான் சங்கோட சண்டைக்குப் போறல்ல.”

சிங்கம் முன்னறைச் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தது.

எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். அது சரீனாவுக்கென்று அவள் வாப்பா கட்டிய வீடு. பயிற்சி மண்டபத்தில் கர்ஜித்த அத்தனை சிங்கங்களும் இரவு எந்தக் குகைக்குத் திரும்பின? பொஞ்சாதி வீட்டுக்குத்தானே!

கண்ணை மூடினால் ஆசைப்பட்ட மிருகம்தான் வரும். உண்மையில் நீங்கள் எது என்று தெரிய வேண்டுமா? கண்ணைத் திறந்து வைத்திருக்கும் மனைவியிடம் கேளுங்கள் — துணிவிருந்தால்.

நிஸ்தார் மெஷினைத் தொடவில்லை. மெல்ல வேலியோரம் என்னிடம் வந்தார். நான் அவருக்கு அண்ணன் முறை, காக்கா.

“காக்கா, நண்டும் மிருகத்துக்குள்ள சேருமா?”

விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து என் மனைவியின் குரல்:

“அங்க என்ன சிரிப்பு? ஒங்கட சங்கு மட்டும் ஒங்கட உம்மா ஊட்டால வந்ததா?”

இந்த நண்டும் சட்டென்று உள்ளே போய்விட்டது.