கூரை வரைக்கும் ஒரு சுவர்

அந்தச் சாக்கைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கொழும்பிலிருந்து வேனில் வந்தவர்கள் அதைத் தூக்கிவந்து பிள்ளை மடுவத்தின் நடுவில் கொட்டினார்கள். வழவழவென்று இழைத்த மரக்கட்டைகள், வண்ண அட்டைகள், ஒரு டின் நிறையச் சட்டைப் பொத்தான்கள். தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த எங்கள் றப்பர் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பால் வெட்டப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்கு விளையாட ஏதாவது வாங்கித் தரச்சொல்லி ஆபீசுக்கு எத்தனை தரம் நடந்திருப்பேன்! பிள்ளைகளுக்கு வராத கட்டை பெரியவர்களுக்கு வருகிறதென்றால் இதில் என்னவோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி வரிசையாக அறைகள் இருந்த லயத்தை இடித்துவிட்டுத் தனி வீடு கட்டித் தரப்போகிறார்களாம். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று நாங்களே விளையாடிக் காட்ட வேண்டுமாம். கண்ணாடி போட்ட ஓர் இளம் மிஸ் சிங்களத்தில் சொல்ல, கூட வந்தவர் தமிழில் சொன்னார்.

"எதிர்ல இருக்கிறவங்க வீட்ட நீங்க கட்டுங்க. அவங்ககிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. அவங்களா மாறி யோசிங்க. ஒரு ஆளுக்கு ஒரு பொத்தான் வைங்க."

பொத்தான் என்றதும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அது 2007. லயத்தில் எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்ற பட்டியல் தோட்டத்து ஆபீசிலும் இருந்தது, பொலிஸிலும் இருந்தது. எங்கள் காம்பராவுக்கு நாலு பேர்: நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். ஐந்தாவதாக உள்ளே இருந்தவள் என் தங்கை. வவுனியாவில் கட்டிக்கொடுத்திருந்தோம். புருஷனை யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று இரண்டு மாதத்துக்கு முன் தனியாக வந்து சேர்ந்தாள். கையில் அடையாள அட்டைகூட இல்லை. வடக்கிலிருந்து வந்த, பட்டியலில் இல்லாத பெண் என்று தெரிந்தால் விசாரிக்க ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் எங்கே போய்த் தேடுவது? அவளை வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

மடுவத்து வாசலில், வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டக்டர் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டியலை எழுதுகிறவரே அவர்தான். எனக்கு எதிரே கொண்டுவந்து உட்கார வைத்ததோ அடுத்த காம்பரா அக்காவை.

அவளோடு நான் பேசி மூன்று மாதம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என் குடத்தை ஒதுக்கிவிட்டாள் என்று தொடங்கிய சண்டை, சாதி சனத்தையெல்லாம் இழுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. பேசாவிட்டால் என்ன, லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஐந்தாவது ஆள் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. இரண்டு மாதமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. சமயம் பார்த்துக் காத்திருக்கிறாள் என்றே நம்பினேன்.

அக்கா கட்டத் தொடங்கினாள். அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொத்தான், இரண்டு, மூன்று, நாலு. கை மறுபடியும் டின்னுக்குள் போனது.

நீ காட்டிக்கொடுத்தால் நானும் சும்மா இருக்க மாட்டேன் என்று தெரியட்டும் என்று, அவளுக்காக நான் கட்டிய வீட்டின் பின்னால் ஒரு நீல அட்டையைச் சாய்த்து வைத்தேன். அவள் ஆபீசுக்குத் தெரியாமல் தகரம் அடித்துப் பின்பக்கம் சமைக்க ஒரு குசினி இறக்கியிருந்தாள். மகளுக்கு இழுப்பு. உள்ளே அடுப்புப் புகை சேரக்கூடாது என்று அப்படிச் செய்தாள். அந்தக் குழந்தை மூச்சுக்குத் தவித்ததும் அதே சுவர் வழியாக எனக்குக் கேட்டதுதான்.

அக்கா நீல அட்டையைப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள். டின்னிலிருந்து வெறுங்கையை எடுத்தாள். பிறகு இரண்டு காம்பராவுக்கும் நடுவே கட்டைமேல் கட்டையாக அடுக்கி, கூரையை முட்டும்வரை ஒரு சுவர் எழுப்பினாள். எங்களைப் பார்ப்பதே இவளுக்குப் பாவமாகிவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தச் சுவர் எதுக்கு இவ்வளவு உயரம்?" என்று மிஸ் கேட்டாள்.

"ஹுளங் எனவா மிஸ்" என்றாள் அக்கா சிங்களத்தில். காற்று வருகிறதாம்.

என் முறை வந்தது. கண்டக்டர் ஐயா குனிந்து நீல அட்டையைத் தொட்டார்.

"இது என்னா?"

இல்லை, சும்மா வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். "குசினிங்க ஐயா" என்றேன்.

எல்லாரும் போகும்போது மிஸ் எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தாள். ஒருவரை ஒருவர் எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று மிஸ் சொல்லச் சொன்னதாகக் கூட வந்தவர் சொன்னார். கட்டைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்கென்று ஒன்றைக்கூட விட்டுப் போகவில்லை. நான் அங்கே இருந்தவரை அந்த வேன் திரும்பி வரவும் இல்லை.

அடுத்த கிழமை ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து குசினியைப் பிரித்துப் போட்டார்கள். அக்கா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தாள். இனி நிச்சயம் பழி வாங்குவாள் என்று, தங்கையை அவிசாவளையில் ஒரு தெரிந்த வீட்டுக்கு அனுப்பத் துணியெல்லாம் மூட்டை கட்டிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சுவருக்கு மேலே டங் டங்கென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். பிரித்துப் போட்ட அதே தகரங்களைக் கொண்டுவந்து, இடுக்கில் சாக்கை மடித்துத் திணித்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவே அடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஏன், எங்க மூச்சுக்காத்துகூட ஒங்க மேல படக்கூடாதோ?"

மிச்சமிருந்த ஒரு முழ இடைவெளியில் அவள் முகம் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஒன் தங்கச்சி வாயில சேலையத் திணிச்சிக்கிட்டு அழுவுது புள்ள. வாய்விட்டு அழுவக்கூட அதுக்கு ஒரு எடம் வேணாமா? அதத்தான் அன்னிக்கு அந்தக் கட்டையில கட்டுனேன். அஞ்சாவது பொத்தான எடுத்து எங்க வீட்டு ஆளா எம் பக்கம் வச்சிக்கலாமான்னுதான் டின்னுல கைய விட்டேன். அதுக்குள்ள நீ அந்த அட்டைய வச்சிட்ட."

மன்னிச்சுக்க அக்கா என்று நான் வாயெடுப்பதற்குள் கடைசித் தகரத்தையும் வைத்து அடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தங்கை முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். அக்கா உள்ளே அடுப்பு மூட்டியிருந்தாள். அந்தப் புகை எங்கள் பக்கம் வரவில்லை. அவள் மகள் இருமினாளா என்றும் எனக்குக் கேட்கவில்லை.