ஐம்பதாவது கட்டம்

ஆக்சிஜன் சிலிண்டரின் திருகைத் திறந்து, முள் எழும்புவதைப் பார்த்து, மூடி, மறுபடியும் திறக்கிறாள் ரூபி. டிரைவர் பழனிக்குமார் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் சொன்னான், "ஃபுல்லா இருக்கு புள்ள, நான் பாத்துட்டேன்" என்று.

"நீங்க பாத்தீங்கண்ணே. நான் பாக்கலயே?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்க வந்துவிட்டான்.

வடமதுரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நான் தினமும் உட்காரும் டீக்கடையை ஒட்டித்தான் அந்த ஆம்புலன்ஸ் நிற்கும். ஏதோ ஒரு அறக்கட்டளையின் வண்டி. ரூபி பக்கத்து ஊரான எரியோட்டுப் பெண், அவசர சிகிச்சைப் படிப்புக்காக இதில் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். ஒட்ட வெட்டிய நகம், இறுகக் கட்டிய கொண்டை. கையில் வளையல் இல்லை, கழுத்தில் செயின் இல்லை.

அடிபட்டவரை ஏற்றும்போது அவள் போடும் சத்தத்தில் ரோடே திரும்பிப் பார்க்கும். "கழுத்துல செயின் ஒண்ணு, காதுல தோடு ரெண்டு. எல்லாரும் பாத்துக்கங்க!" சொல்லிவிட்டுத் தன் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டுவாள். இம்புட்டு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "நாளைக்கு ஒண்ணு காணோம்னா மொத சந்தேகம் எங்க மேலதான சார் வரும்?" என்றாள்.

எனக்கு அவள் மேல் வேறு சந்தேகம். இதெல்லாம் வேஷமோ என்று. அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி நடக்கிறவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

வந்த முதல் வாரத்தில் அவளும் ஊரை நம்பியவள்தானாம். சிலிண்டர் ஃபுல் என்று யாரோ சொன்ன வார்த்தையை நம்பிக் கிளம்பியிருக்கிறாள். பாதி வழியில் காற்று நின்றுவிட்டது. வண்டியில் படுத்திருந்த பூந்தோட்டக்காரர் வேலுசாமி மூச்சுக்குத் தவித்து அவள் கையைப் பிறாண்டியிருக்கிறார். பிழைத்துக்கொண்டார். "அவரு பொழச்சாரு சார், எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரல" என்றாள். அதையும் நான் பாதிதான் நம்பினேன்.

நேற்று சாயங்காலம் சிக்கினாள். பயிற்சி நோட்டில் ஐம்பது நோயாளிகளுக்கு பிரஷர் பார்த்து எழுதி, சீனியர் சார்லஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இன்று காலை ஒப்படைக்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் இன்னும் மூன்று மாதம் பயிற்சி. ஒண்ணாந்தேதி கொடைரோட்டில் காத்திருக்கிற வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நாற்பத்தொன்பது கட்டம் நிரம்பிவிட்டது. ஐம்பதாவது ஆள் மூக்காயி, தக்காளித் தோட்டத்தில் மயங்கி விழுந்தவள். நாலு வழிச்சாலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் வண்டி குதித்த குதியில், ரூபியின் காதுக் குழாயில் லாரி இரைச்சல்தான் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் மூக்காயியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நூத்தி இருபதுக்கு எம்பதுன்னு போடு புள்ள. நாங்க எல்லாருக்கும் அதத்தான் போடுவோம். கையெழுத்து நான் போடுறேன்" என்றான் சார்லஸ். வேலிக்கு ஓணான் சாட்சி!

"அது யாரு பிரஷருண்ணே?"

"யாருதா இருந்தா என்ன? நீ வேலைக்குப் போகணுமா, வேணாமா?"

அவள் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். கண் கலங்கியிருந்தது. இதுதான் சமயம் என்று நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நீட்டினேன். "ஏம்மா, எனக்குப் பாரு. அந்த நம்பரை மூக்காயி கட்டத்துல போட்டுக்க. பாத்து எழுதுனதாவது இருக்கும்ல?"

என் கையையே செத்த நேரம் பார்த்தாள். பிறகு பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். அம்புட்டுத்தான், சாயம் வெளுத்தது என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். உண்மையைச் சொன்னால் என்ன?

அவள் முகம் மாறியது. பேசாமல் உட்காரச் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்து மறுகையில் பார்த்தாள். திரும்பவும் முதல் கையில் பார்த்தாள்.

"நூத்தி எம்பதுக்கு நூத்திப்பத்து சார். நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க, இப்பவே டாக்டர்கிட்ட போங்க."

ஒரு துண்டுத்தாளில் என் பெயர், நேரம், மூன்று தடவை பார்த்த அளவு எல்லாம் எழுதி என் சட்டைப்பையில் செருகினாள். என் முன்னால் இருந்த காராச்சேவுத் தட்டை எடுத்துப் பழனிக்குமார் பக்கம் நகர்த்தினாள். 

பிறகு நோட்டைத் திறந்தாள். ஐம்பதாவது கட்டத்தில் 'பார்க்க முடியவில்லை' என்று எழுதினாள். அடியில் தன் பெயரை முழுசாக எழுதி, கையெழுத்துக்காக சார்லஸிடம் நீட்டினாள்.