வீட்டுக்காரருக்கு ஒரு கயிறு

கயித்தக்கா எங்கள் குளியலறைக் கதவைத் திறந்து, வாளிக்குப் பின்னால் வரை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க யாரும் இல்ல" என்றார். "வீட்டில் ஒருவரும் இல்லை என்று நான்தான் சொன்னேனே அம்மா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்து கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

அவர் வந்தது எங்கள் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி இறக்க. ஆனால் வந்து அரை மணி நேரமாகியும் மரத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதலில் எங்கள் வீடு, பிறகு பக்கத்துத் தையற்காரர் வீடு. ஒவ்வொரு அறையாகப் பார்த்து, கதவைப் பூட்டி, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஏன் இவ்வளவு சந்தேகம் என்று கேட்டேன். "ஒரு வீட்டுல அந்த அய்யா சத்தியமே பண்ணாரு, எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னு. பாதி மரம் வெட்டியாச்சு. மாடி ஜன்னலத் தெறந்து அவரு மாமியாரு என்ன சத்தம்னு கேக்குறாங்க. அன்னையிலேருந்து சாவி இடுப்புல ஏறுனாதான் எனக்கு மரமே கண்ணுக்குத் தெரியும்."

ஐம்பதை ஒட்டிய வயது. குள்ளம். தூக்கிச் செருகிய புடவைக்கு மேல் முழுக்கை சட்டை, கையில் தோல் உறை, தலையில் கொண்டையோடு சேர்த்து இறுக்கிய மஞ்சள் தொப்பி. இரண்டு பேர் தூக்க வேண்டிய கயிற்றுச் சுருளை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகிறவர் போல நடப்பார். மரத்தில் ஏறி வெட்டுவது அவருடைய தம்பி. வெட்டிய கிளை கூரையில் விழாமல் கயிற்றில் தொங்கவிட்டு, அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறக்குவது அக்கா. கிளைகளை இழுத்துப் போட இன்னும் இரண்டு ஆட்கள். இந்தத் தொழிலில் கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் மரம் என்றால் இந்த அக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள். கயிற்றால் வந்த பெயர்தான் கயித்தக்கா.

மரம் எப்படி இரண்டு வீடுகளுக்கு நடுவே வந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நான்தான் வைத்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மதில் சுவரிலிருந்து நாலடி தள்ளி. "செவுத்துக்கு இவ்ளோ பக்கத்துலயா?" என்று மனைவி அன்றைக்கே கேட்டாள். நான் இயற்கையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். வானொலியில் செய்தி வாசித்தவன் பேச ஆரம்பித்தால் யாரால் நிறுத்த முடியும்? இப்போது வேர் தையற்காரர் சுவரைத் தூக்கிவிட்டது. போன மழையில் ஒரு கிளை ஒடிந்து, அவருடைய கூரை ஓட்டைப் பிளந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்தது. மனிதர் டீ குடிக்கப் போயிருந்ததால் தப்பித்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஒரு தட்டில் வைத்து எங்கள் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பதில் அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கயித்தக்கா மரத்தை அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கையை நீட்டி, கண்ணிலிருந்து முஷ்டி வரை எவ்வளவு தூரமோ அதே நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்தார். நீட்டிய முஷ்டியின் மேல் அதை நிமிர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே நடந்தார். குச்சியும் மரமும் ஒரே உயரமாகத் தெரிந்த இடத்தில் நின்று, அங்கிருந்து மரத்தடி வரை அடிமேல் அடி வைத்து எண்ணினார். "அறுவத்தெட்டு." நான் முந்தின நாளே மரத்தின் நிழலை அளந்து, ஒரு முழுத்தாளில் கணக்குப் போட்டு, நாற்பத்தொன்பது அடி என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். தாளை நீட்டினேன். வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "கையெழுத்து நல்லா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"வெளி இடத்துல மரம்னா அடியில ஒரு பக்கம் வாய் மாதிரி வெட்டி, மறுபக்கம் அறுத்து, வேணுங்கிற பக்கம் சாய்ச்சிரலாம். இங்க சாய்க்க இடம் எங்க இருக்கு? எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஒரு வீடு. மேலேருந்து துண்டு துண்டாத்தான் எறக்கணும்" என்றார். ஒவ்வொரு கிளைக்கும் முதலில் கயிறு. பிறகு அடிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு. அப்புறம்தான் மேலிருந்து அறுப்பு. அடிவெட்டு எதற்கு என்று நான் விடாமல் கேட்டேன். "இல்லேன்னா பட்டை கிழிஞ்சுக்கிட்டே தண்டு வரைக்கும் போகும். தம்பிய தண்டோட பெல்ட் போட்டுல்ல கட்டியிருக்கு? தண்டு பொளந்துச்சுன்னா பெல்ட் இறுகும். ஆளு நசுங்கிருவான். அடிவெட்டு போட்டிருந்தாலும் அறுப்ப பாதியில நிறுத்துனா இதே கதிதான்." இதைக் குழம்புக்கு உப்புப் போதாது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். அக்காவும் தம்பியும் தரையில் எலியும் பூனையும்தான். தண்ணீர்க் கேனை யார் மறந்தது என்பதில் ஆரம்பித்த சண்டை, பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்யாண வீடு வரை போய்த் திரும்பியது. தரையில் நிற்கும் வரை அவர் "எரும". பத்தடி ஏறியதும் "தம்பி". கூரை உயரத்தைத் தாண்டிவிட்டால் "கண்ணு". நான் ஒரு தாளில் குறித்துவைத்தேன், ஒருமுறைகூட இந்த வரிசை மாறவில்லை.

அக்காவிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. "கீழ ஒரே வாய்தான் சார் பேசணும். அது என் வாய். மேல இருக்குறவனுக்கு இலையைத் தவிர எதுவும் தெரியாது. என் குரல வச்சுத்தான் அவன் வெட்டுறதும் நிறுத்துறதும்." நன்றாகப் புரிகிறது என்று தலையாட்டிவிட்டு, வடக்குப் பக்கக் கிளையை முதலில் எடுத்தால் நல்லது என்று ஆலோசனை சொன்னேன். தம்பியின் அறுப்பு மெஷினின் வாயில் எண்ணெய் போதவில்லை என்றேன். தொப்பியின் வார் தளர்வாக இருக்கிறது என்றேன். அக்கா தோளிலிருந்த கயிற்றுச் சுருளைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு பச்சைக் கயிற்றை எடுத்து, தெருவின் எதிர்ப்பக்கம் என்னை அழைத்துப்போய் நிறுத்தி, ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். "இது ரொம்ப முக்கியமான கயிறு சார். நான் சொல்ற வரைக்கும் விட்டுராதீங்க. நின்ன எடத்த விட்டு நகரவும் கூடாது."

பிடித்தேன் பாருங்கள், உயிரைக் கொடுத்துப் பிடித்தேன். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டேன். கிளைகள் ஒவ்வொன்றாக இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்து இழுத்தேன். தெருவில் போனவர்கள் பார்த்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மனைவி தெருமுனைக் கடையிலிருந்து டீ வாங்கிவந்தாள். நான் பிடித்திருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு, அதன் வழியாக நடந்து, நிறுத்தியிருந்த வண்டிக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கயிற்றின் மறுமுனை எதிர் வீட்டுக் கேட்டில் கட்டியிருந்தது.

இடைவேளையில் அக்காவிடம் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சிரித்தார். "எந்த வேலைக்குப் போனாலும் வீட்டுக்காரருக்குன்னு ஒரு கயிறு எடுத்துட்டுப் போவேன் சார். மரத்தக் கட்டிரலாம். வீட்டுக்காரரக் கட்டுறதுதான் கஷ்டம். கையில கயிறு இருந்தா மரத்துப் பக்கம் வர மாட்டாங்க." எனக்கு முன்னால் ஒரு நீதிபதியும் இரண்டு மருத்துவர்களும் அதே பச்சைக் கயிற்றைப் பிடித்திருக்கிறார்களாம். அதைக் கேட்டு மனம் கொஞ்சம் ஆறியது. இடைவேளை முடிந்ததும் நானாகவே போய் அந்த நுனியை எடுத்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே நிற்பது?

கடைசியாக மிஞ்சியது தையற்காரர் கூரைக்கு மேல் நீண்டிருந்த பெருங்கிளை. ஒரு பேருந்து நீளம் இருக்கும். தம்பி அதற்கு மேலே இருந்த கவையில் கயிற்றைப் போட்டுக் கிளையைக் கட்டினார். கீழே அக்கா மறுநுனியை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள மாட்டார், வெறுமனே பிடிப்பார். வெட்டும்போது அண்ணாந்து பார்க்கவும் மாட்டார். கயிற்றையே பார்ப்பார். "கண்ணு மேல போனா கை தூங்கிரும்" என்பார். "கண்ணு, வெட்டு" என்றார். அடிவெட்டு முடிந்து, மேலிருந்து அறுப்பு ஆரம்பித்தது. தெருவில் நின்றுகொண்டிருந்த தையற்காரர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய மூன்று தையல் மெஷின்களும் அந்த ஓட்டுக்கு அடியில்தான் இருந்தன.

பாதி அறுத்திருப்பார். கிளை மெல்லத் தலையைத் தாழ்த்தியது. நேராகத் தையற்காரர் கூரையை நோக்கி. அது அப்படித்தான் தாழும், தாழ்ந்த பிறகு கயிற்றில் ஆடி எங்கள் வாசலுக்கு வரும், அதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் வைத்த மரம் இரண்டாவது முறையாக அந்த மனிதரின் கூரையில் விழப்போகிறது என்பது மட்டும்தான்.

"நிறுத்துங்கள்!" என்றேன்.

சாதாரணமாகக் கத்தியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் என் அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தச் செய்திக் குரல். முப்பது வருஷம் அந்தக் குரலில் எத்தனையோ அறிவித்திருக்கிறேன். அதைக் கேட்டு யாரும் எதையும் செய்ததாக எனக்குத் தகவல் இல்லை. அன்றைக்கு ஒருவர் செய்தார். மேலே மெஷின் நின்றது.

அந்த அமைதியில் மரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி, நீளமாக, நிதானமாக. பாதி அறுத்து நின்ற கிளை தன் பாரத்தாலேயே தண்டை நோக்கிக் கிழிந்துகொண்டிருந்தது. அக்கா காலையில் சொன்னது எனக்குப் புரிந்தது. தம்பி அந்தத் தண்டோடு கட்டப்பட்டிருந்தார்.

அக்கா கத்தவில்லை. கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை. "கண்ணு, அக்கா பேசுறேன். மெஷினப் போடு. வெட்டு." தம்பி மெஷினின் கயிற்றை இழுத்தார். உறுமி அணைந்தது. இரண்டாவது முறையும் அணைந்தது. "அக்கா இங்கதான் இருக்கேன். இழு." மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மரத்தூள் பறந்தது. கிளை தண்டிலிருந்து விடுபட்டு மொத்தமாகக் கீழே வந்தது. கயிறு விறைத்து, அடிமரப் பட்டை புகைகிற மாதிரி தூசி எழும்பி, அக்கா குதிகாலை ஊன்றியபடியே இரண்டடி தூரம் இழுபட்டார். ஓட்டுக்கு ஒரு சாண் மேலே கிளை நின்றது. அப்படியே ஆடி எங்கள் வாசல் பக்கம் வந்தது. அக்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை நெகிழ்த்தி, தூங்குகிற குழந்தையைப் போடுகிற மாதிரி தரையில் கிடத்தினார்.

நான் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மனைவி பிறகு பலரிடம் ஒரு செய்தியாகவே சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தும், இனி அந்த வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை.

தம்பி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கினார். அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். பாரமில்லாமல் தொய்ந்து கிடந்த கயிறு இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"அக்கா, கயிற விடு" என்றார் தம்பி.

"விட்டுட்டேன்டா."

விடவில்லை. இரண்டு கைகளும் கயிற்றைச் சுற்றி மூடியபடியே இருந்தன. அக்கா அவற்றைக் குனிந்து பார்த்தார். திறக்கச் சொல்லி அவரே சொல்லிப் பார்த்தும் அவை கேட்கவில்லை என்று தோன்றியது. தம்பி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தோல் உறையோடு ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். கட்டை விரல் முதலில். சுண்டு விரல்தான் கடைசி வரை வரவில்லை. பிறகு மறு கை. கயிறு தரையில் விழுந்தது. உறைகளை உருவினார். உள்ளங்கைகள் சிவந்து கன்றிப்போயிருந்தன.

விரிந்த கையை அக்கா இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தார். அதே கையால் தம்பியின் பின்மண்டையில் பளாரென்று ஒரு அடி வைத்தார். "எவன் கத்துனாலும் நிறுத்துவியாடா?"

அது எனக்கு விழ வேண்டிய அடி. தம்பி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அடித்த கை உடனே திரும்பவுமில்லை. அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே இருந்தது.