ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த கண்டெய்னர்

கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு ராசி உண்டு: எல்லாம் ஓடும்போது நம்மை ஒருவருக்கும் தெரியாது, ஒன்று நின்றால் ஊரே நம் பெயரைச் சொல்லும். நீங்களும் அந்த ராசிக்காரர் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

முப்பது வருஷம் செங்கல்பட்டிலிருந்து ரயிலேறிச் சென்னையில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டில் இருந்தபடியே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துச் சங்கத்தின் சின்ன சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடுவது ஒரே ஒரு கண்டெய்னர். மென்பொருளையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் அடைத்து, உள்ளேயே இருந்து வேலை செய் என்று விட்டுவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். கடல் கொந்தளிப்பு அறிவிப்பு வந்தால் விடியற்காலை நாலு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் படகுக்காரர்களின் போனுக்குக் குரலில் சொல்வது இந்தப் பெட்டியின் வேலை. அது சொல்லத் தவறினால் யாராவது அந்தக் கடலுக்குள் போய்விடுவார்கள்.

பூஜ்யம்

முதல் நாள் கண்டெய்னரை ஓடவிட்டேன். ஓடுகிறவற்றின் பட்டியலைக் கேட்டேன், காலி. மறுபடி ஓடவிட்டேன், மறுபடி காலி. செத்தவற்றையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டபோதுதான் தெரிந்தது, வரிசையாகப் பதினொன்று படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வெளியேறியது, பூஜ்யம்' என்று ஒரு குறிப்பு. பூஜ்யம் என்றால் குறையில்லாமல் முடிந்தது என்று பொருள். குறையோடு போனால் பதிவுகளைப் புரட்டிக் காரணம் தேடலாம். குறையே இல்லாமல் போனதை எங்கே தேடுவது? என் கணவர் போனதும் அப்படித்தான், ஒரு புதன்கிழமை, காபி ஆறுவதற்குள்.

மென்பொருளை எழுதிய சரவணன் கூடுவாஞ்சேரியில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன். நின்று காத்திருக்கும்படியான வேலை எதையும் அவன் அதற்குக் கொடுக்கவில்லையாம். அது எழுந்து, தயாராகி, செய்ய ஒன்றுமில்லை என்று போயிருக்கிறது. மத்தியானம் முழுக்க நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்: "அது எரர் இல்ல மேடம். வேலை முடிஞ்சிது, கெளம்பிடுச்சி. நாமதான் ஆறு மணிக்கு மேலயும் உக்காந்துனு கீறோம்."

ஐந்தரை மணி நேரம்

சரவணன் காத்திருக்கும் வேலையைக் கொடுத்தபின் பெட்டி நின்று ஓடியது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குச் சொல்ல வேண்டியதை அது காலை ஒன்பதரைக்குச் சொன்னது. சர்வரின் கடிகாரம் சரியாக இருந்தது. கண்டெய்னருக்குள் நுழைந்து மணி கேட்டால், அது கடல் கடந்து எங்கோ வாழ்ந்துகொண்டிருந்தது. நாம் எடுத்துச் சொல்லாவிட்டால் கண்டெய்னர்கள் உலகப் பொது நேரத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். நம்முடைய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

நேரத்தைச் சொல்லி, பழையதை அழித்து, புதிதாக ஒன்று போட்டேன். பழையதோடு அதற்குள் ஏற்றியிருந்த எட்டு போன் எண்களும் போயின. சங்க அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மல்லிகா முணுமுணுத்துக்கொண்டே திரும்பவும் ஏற்றினாள். எனக்கு அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். அந்த எட்டில் ஒன்று அவள் தம்பி காசியின் எண். நேரம் தவறிய முதல் நாளே அவன் போனை அவளிடமிருந்து வாங்கி என்னிடம் கேட்டிருந்தான்: "யம்மா, கடலுக்குப் போயி, வலை இழுத்து, மீனும் வித்துட்டு நாஸ்தா துன்னுகினு கீறேன். இப்ப சொல்லுது உன் பொட்டி, கடலுக்குப் போவாதன்னு. இன்னா, நாளைக்கிக்கா?"

ஓடுவதைத் தொடாதே

நேரம் சரியானபின் காசிக்குப் பெட்டிமேல் நம்பிக்கை வந்துவிட்டது. அவனைப் பார்த்துக் குப்பத்துக்கே வந்துவிட்டது. பெட்டி சொன்னால் போக மாட்டார்கள், சொல்லாவிட்டால் போவார்கள். மல்லிகா ஒவ்வொரு படகாக எண் கேட்டு, மாதம் ஒருமுறை சிம் மாற்றுகிறவர்களைத் திட்டி, நாற்பத்தேழு எண்கள் ஏற்றினாள். எல்லாம் கண்டெய்னரின் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன.

இதற்கிடையில் சர்வரில் இடம் தீர்ந்து அது மூச்சுத் திணறியது. நானும் சரவணனும் சோதித்துப் பார்த்து விட்டுப்போன செத்த கண்டெய்னர்கள் மூலைமுடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. தினமும் நண்பகலில் ஓடாமல் கிடப்பதையெல்லாம் வாரிக் கொட்டிவிடும்படி ஒரு துப்புரவுக் கட்டளை போட்டு வைத்தேன். எண்களை வெளியே ஒரு தனி இடத்தில் வைத்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அதற்குக் கண்டெய்னரை நிறுத்திப் புதிதாகப் போட வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று மூன்று மாதம் சொன்னேன். சரவணனும் ஒத்துப் பாடினான்: "ஓடறத ஏன் மேடம் தொட்டுக்கினு?"

கருவிகளோடு கருவியாக

ஆயுத பூஜையன்று குப்பத்தில் எதுவும் வேலை செய்யாது. படகு, வலை, எஞ்சின், மீன் அரியும் கத்தி எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் வரை தொட மாட்டார்கள். மல்லிகா சர்வரையும் துடைத்துப் பொட்டு வைத்தாள். மின்சாரத்தை மட்டும் அணைக்கவே கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதனால் மின்சாரத்தைத் தொடாமல், நான் கற்றுக்கொடுத்த நிறுத்தும் கட்டளையைப் பிழையில்லாமல் தட்டி, கண்டெய்னரை மட்டும் நிறுத்தி வைத்தாள். நண்பகலில் என் துப்புரவுக் கட்டளை வந்தது. ஓடாமல் கிடந்ததைப் பார்த்தது. வாரிக் கொட்டியது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, பெட்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று மல்லிகா கூப்பிட்டாள். பட்டியலைக் கேட்டேன். ஓடுவதும் இல்லை, செத்ததும் இல்லை. அவள்மேல் கத்தினேன், கத்துகிறபோதே தெரிந்தது, கொன்றவள் நான் என்று. அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "ஊரு ஒலகத்துல எல்லாம் படுத்துனு கீது, இது மட்டும் இன்னாமா பாவம் பண்ணுச்சி?"

மூன்று மணிக்குள்

புதிய கண்டெய்னரைப் போட ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குள் இருந்தவை சரவணன் சோதனைக்கு வைத்திருந்த மூன்று எண்கள்: அவனுடையது, அவன் அம்மாவுடையது, என்னுடையது. பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. மாலையிலிருந்து கடல் பொங்கும், யாரும் போகக் கூடாது. பூஜை முடிந்த முதல் நாள் என்பதால் எல்லாப் படகும் நாலு மணிக்குக் கிளம்ப இருந்தன.

மல்லிகா ஓடிப்போய்க் காசியிடம் சொன்னாள். அவன் வலையை ஏற்றுவதை நிறுத்தவில்லை. அக்கா தடுப்பது அவனுக்குப் புதிதில்லை. வாராவாரம் ஏதாவது கனவு கண்டுவிட்டுத் தடுப்பாளாம். "பொட்டி ஒண்ணும் சொல்லல இல்ல? அப்ப கடலு நல்லாத்தான் கீது" என்றானாம். அதை அவள் எனக்குப் போனில் சொன்னாள். செத்த பெட்டியின் மௌனத்தை அவன் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டிருந்தான். பெட்டி எப்போதும் ஓடும் என்று நான் சொல்லி வந்ததைத்தான் அவன் நம்பினான்.

எண்களுக்கு எங்கே போவது என்று கேட்டேன். மல்லிகா போனோடு மீன் ஏலக் கொட்டகைக்கு ஓடினாள். சந்தைக்குப் போகும் வண்டியில் மாறிப்போகாமல் இருக்க, மீன் விற்கும் பெண்கள் தங்கள் ஐஸ் பெட்டிமேல் பெயரையும் வீட்டுக்காரரின் போன் எண்ணையும் பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அவள் பெட்டி பெட்டியாகப் படித்தாள், நான் தட்டினேன். சில இடங்களில் மூன்றா எட்டா என்று தெரியாமல் நகத்தால் செதிலைச் சுரண்டிப் பார்த்துச் சொன்னாள். மூன்று மணிக்கு நாற்பத்தொரு எண்கள் ஏறியிருந்தன. மீதி ஆறு வீட்டுக்கு அவளே நடந்தாள்.

மூன்று அடித்து இரண்டாவது நிமிஷம், காசி போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அந்த வழியே போன அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலையை இறக்கினானாம். ஐந்தரைக்கு அலை கொட்டகை வரை ஏறியது. படகுகளெல்லாம் மணல்மேட்டில் இருந்தன. இனிமேல் எண்களைப் பெட்டிக்கு வெளியே வைக்கப்போகிறேன் என்று மல்லிகாவிடம் சொன்னேன். என்னவோ நான் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல. அவள் சிரிக்கக்கூட இல்லை: "உள்ள எழுதனா ஐஸு கரைஞ்சா அழிஞ்சி பூடும்னு எங்க மீன்காரிங்க எல்லாருக்கும் தெரியும். இம்மாம் படிச்ச நீ, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

பெட்டி அழிந்தாலும் அழியக் கூடாததைப் பெட்டிக்கு வெளியே வை என்ற இந்தச் சின்ன விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கல்லூரிப் பட்டமும், முப்பது வருஷ சர்வீசும், மல்லிகாவின் நகக்கண்ணில் ஒட்டிய மீன் செதிலும் தேவைப்பட்டன.